துரை சொன்ன ஆற்றுக்கு நாங்கள் போகிறோம்

மீன் பிடிப்பதற்காக ஐரோப்பாவுக்குப் போகப் போகிறோம் என்று சொன்னால், நம் தோட்டத்தில் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள். "ஏன் டீச்சர், நம்ம ஆத்துல மீன் தீந்து போச்சா?" என்று என்னையும் கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. பள்ளி ஆசிரியையின் சம்பளத்தில் வாழ்கிற குடும்பம் இருபத்திரண்டாயிரம் வெள்ளியைச் செலவழித்து, ஆறாயிரம் மைலுக்கும் அப்பால் உள்ள ஓர் ஆற்றில் தூண்டில் போடப் போகிறது என்றால், அதற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். ஏன் போகிறோம், எப்படித் திட்டமிட்டோம், எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் ஒளிவு மறைவின்றி இங்கே எழுதுகிறேன். வாசகர் குடும்பங்களில் யாருக்காவது நெடுநாள் ஆசை ஒன்று மனத்துக்குள் கிடந்தால், இது ஒரு வழியாவது காட்டட்டும்.

ஆசை என்னுடையதன்று, என் அப்பாவுடையது. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பால்மரம் வெட்டியே எங்களை ஆளாக்கினார். அதற்கு முன்பு, 1963இல், பதினைந்து வயதுப் பையனாகத் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது இருந்த துரை ஸ்காட்லாந்துக்காரர். மலேயாவின் தோட்டங்களில் அந்த நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மலையடிவார ஆற்றுக்குக் கெலா மீனும் செபாராவும் பிடிக்கப் போவார். கம்பு, வலை, சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் நடப்பார். மீன் சிக்காத நாளில் துரை பாறைமேல் உட்கார்ந்து தம் ஊர் ஆற்றைப் பற்றிப் பேசுவாராம். அந்த ஆற்றின் பெயர் டே. அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். ஆனாலும் அந்தப் பெயரும், அங்கே கடலிலிருந்து ஏறி வரும் பெரிய மீனின் கதையும் அவர் மனத்தில் நின்றுவிட்டன.

"ஏழு வருஷம் அந்தக் கம்பைத் தூக்கினேன். ஒரு தடவைகூட 'நீ வீசிப் பாரு'ன்னு சொன்னதில்லை" என்பார் அப்பா. கோபமாகச் சொல்லமாட்டார். மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்குத்தான் மனம் கனக்கும்.

1970இல் துரை ஊருக்குக் கிளம்பியபோது பங்களாவில் வேண்டாம் என்று கழித்த சாமான்களுக்குள் ஒரு சிகரெட் டின் கிடந்தது. அதற்குள் இறகால் கட்டிய தூண்டில் முள் ஒன்று இருந்தது. அதை அப்பா இன்றும் வைத்திருக்கிறார்.

பொய் ஈயும் காட்டுக்கோழி இறகும்

பிளை பிஷிங் என்று ஆங்கிலத்தில் சொல்லும் முறையை நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் மண்புழுவோ, கோதுமை மாவோ வைத்துத் தூண்டில் போடுகிறோம். அவர்கள் முள்ளின்மேல் இறகும் ரோமமும் பட்டு நூலும் சுற்றி, ஈயைப்போலவோ சிறு மீனைப்போலவோ ஒரு பொய் இரையைக் கட்டுகிறார்கள். அதற்குக் கனமே இல்லை. கனமில்லாத பொருளை எப்படித் தூரமாக வீசுவது? கனம் கயிற்றில் இருக்கிறது. தடித்த கயிற்றைப் பின்னால் வீசி, அது காற்றில் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். பொறுக்கும் அந்த ஒரு நொடியில்தான் வித்தை இருக்கிறது. அவசரக்காரனுக்கு இது வராது. டே போன்ற பெரிய ஆற்றில் பதினைந்து அடி நீளக் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து வீசுவார்கள்.

அந்தச் சிகரெட் டின்னில் இருந்த முள்ளின் இரு பக்கத்திலும், மஞ்சள் மெழுகு சொட்டியதுபோன்ற புள்ளியுள்ள சிறு இறகு இருக்கிறது. அது எந்தப் பறவையின் இறகு என்று தேடினேன். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு அது! சால்மன் மீனுக்குக் கட்டும் பொய் ஈக்களில் இதற்குத் தனி மதிப்பு. விக்டோரியா ராணி காலத்திலிருந்து இந்த இறகுகள் கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போயின. இன்று காட்டுப் பறவையைத் தொட முடியாது. பண்ணையில் வளர்த்த கோழியின் இறகைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கினார். அந்த இறகோ இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போய், அங்கே முள்ளில் ஏறி, துரையின் பெட்டியில் மலேயாவுக்கு வந்தது. கடைசியில் இரண்டும் ஒரே தோட்டத்து லயத்தில், ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன.

அந்த ஆறும் அந்த மீனும்

டே ஆறு ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பிரிட்டனில் வேறெந்த ஆற்றையும்விட இதில்தான் அதிகத் தண்ணீர் ஓடுகிறது. மேற்கு மலைகளில் பிறந்து, லாக் டே என்ற நீண்ட ஏரியின் வழியாக வந்து, டன்கெல்ட், பெர்த் ஆகிய ஊர்களைத் தொட்டு, டண்டீ நகரத்தருகே கடலில் கலக்கிறது. ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரத்துக்குப் பெயர் கொடுத்தது இந்தப் பெர்த்தான்.

சால்மன் ஆற்றின் கூழாங்கல் படுகையில் பிறக்கும். இரண்டு மூன்று ஆண்டு அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்கு இறங்கி, வடக்கே கிரீன்லாந்துப் பக்கம்வரை போய்க் கொழுத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. சாப்பிடாத மீன் பொய் ஈயை ஏன் கவ்வுகிறது? கோபமா, பழைய பழக்கமா? இதற்கு இன்றுவரை யாரும் முடிவான பதில் சொன்னதில்லை. அதனால்தான் ஒரு வாரம் முழுவதும் வீசியும் ஒரு மீன்கூடக் காணாமல் திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

டே ஆற்றின் கதைகளில் என்னைக் கட்டிப் போட்டது ஒரு பெண்ணின் கதை. அவர் பெயர் ஜார்ஜினா பாலன்டைன். 1922 அக்டோபர் 7ஆம் நாள் மாலை, கேப்புத் என்ற ஊரருகே, தந்தை ஜேம்ஸ் படகு வலிக்க, மகள் தூண்டில் பிடித்திருந்தார். சிக்கிய சால்மனோடு இரண்டு மணி நேரத்துக்குமேல் போராடி, இருட்டிய பிறகு கரை சேர்த்தார்கள். நிறுத்தபோது 64 ராத்தல்! பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மன்களில் இதை மிஞ்சிய மீன் நூறாண்டு கடந்தும் இல்லை. அன்று முள்ளில் இருந்தது பொய் ஈ அல்ல, சிறு மீன் இரை. பெர்த்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்த மீனைக் காட்சிக்கு வைத்தபோது, பெண்பிள்ளை இதைப் பிடித்திருக்க முடியாது என்று கிழவர்கள் பேசிக்கொண்டதை, கூட்டத்தில் ஓரமாக நின்று அவரே கேட்டாராம்.

ஜார்ஜினா சீமாட்டி அல்லர். முதல் உலகப் போரில் தாதியாக வேலை பார்த்தவர். ஆற்றின் அந்தப் பகுதி வேறொரு பணக்காரருக்குச் சொந்தம். உழைக்கும் வீட்டு மகளும் தந்தையும் ஒரே படகில் இருந்தார்கள். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "படகை யாரு வலிச்சா? அப்பனா? அப்ப சரி" என்றார். அதுவரை "துரை ஊருக்கு நான் எதுக்கும்மா?" என்று மறுத்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

தேதியும் இடமும்

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆற்றில் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது என்று. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை தனிச் சொத்து. கரையில் நிலம் உள்ளவனுக்கே அந்த உரிமை இல்லாமல் போகலாம். ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உரிமையாளர். நம் தோட்டத்தில் நிரைகளைப் பிரித்துக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மூலம் அனுமதி வாங்கி, நாள் கணக்கில் பணம் கட்டவேண்டும். பகுதியையும் மாதத்தையும் பொறுத்து ஒரு நாளுக்கு ஐம்பது பவுண்டும் இருக்கலாம், பல நூறு பவுண்டும் இருக்கலாம்.

டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. இங்கே ஞாயிறுதோறும் மீன் பிடித்த துரை, தம் ஊரில் அன்று கம்பைத் தொட்டிருக்க முடியாது! டிரவுட் என்ற ஆற்று மீனுக்குப் பருவம் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை; அதற்கான அனுமதிச் சீட்டும் மலிவு.

இலையுதிர் காலத்தில், செப்டம்பர், அக்டோபரில்தான் பெரிய மீன்கள் ஏறும். ஆனால் எனக்குப் பள்ளி விடுமுறை வேண்டுமே! ஆகவே அடுத்த ஆண்டு நடுவில் வரும் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். மே மாதக் கடைசியில் அங்கே வசந்தகாலச் சால்மன் வரும். டிரவுட்டுக்கும் நல்ல காலம். பொழுது இரவு ஒன்பதரைக்குத்தான் சாயும். குளிரும் அப்பாவால் தாங்கக்கூடிய குளிர்.

தங்குவதற்கு டன்கெல்ட் ஊரை முடிவு செய்தோம். எடின்பரோவில் விமானம் இறங்கினால் ரயிலிலேயே அங்கே போய்விடலாம். கேப்புத் அங்கிருந்து ஐந்து மைல்தான். ஆற்றின் எதிர்க்கரையில் பிர்னம். ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் வரும் பிர்னம் காடு இதுதான். மழை அதிகமாகி மீன் பிடிக்க முடியாமல் போனால், பிட்லாக்ரி அணைக்குப் போவோம். சால்மன் அணையைத் தாண்டி மேலே ஏறுவதற்காக 34 தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். என் மாணவர்களுக்குப் படம் எடுத்து வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மலேசியருக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி ஒன்றை முன்கூட்டியே வாங்கவேண்டும். இன்னொரு விதியையும் சொல்லவேண்டும். வேறு நாட்டு ஆற்றில் நனைந்த கம்பு, கயிறு, காலணி எதுவானாலும் நன்றாகக் கழுவி, கிருமி நீக்கி, முழுக்கக் காயவைத்தே கொண்டுபோக வேண்டும். நார்வே நாட்டின் பல ஆறுகளில் ஒரு சிறிய ஒட்டுண்ணி புகுந்து சால்மனையே அழித்திருக்கிறது. அது தங்கள் ஆற்றுக்கு வந்துவிடக்கூடாது என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான்.

கணக்கு

நான்கு ஆண்டுகளாக மாலை நேர வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம் 22,000 வெள்ளி. அதை நோட்டுப் புத்தகத்தில் இப்படிப் பிரித்திருக்கிறேன். இருவருக்கு விமான டிக்கெட் 10,000. எட்டு இரவு தங்க 5,000. படகோடும் படகுக்காரரோடும் சால்மனுக்கு இரண்டு நாள் 1,700. டிரவுட்டுக்கு மூன்று நாள் 500. ரயில், பஸ் 1,200. அப்பாவின் வயதை முன்னிட்டு நல்ல காப்புறுதி, எனக்கும் சேர்த்து 800. குளிர் உடுப்பு, காலணி 1,000. மீதி 1,800 சாப்பாட்டுக்கு. அரிசியும் நெத்திலிச் சம்பலும் கூடவே வரும். சால்மன் நாள்களில் ஒரே கம்பைத்தான் எடுக்கிறோம். அப்பாவும் நானும் மாறி மாறி வீசுவோம்.

என் தங்கை வெளிப்படையாகவே கேட்டாள். "அக்கா, அந்தக் காசு இருந்தா உன் மவன் காலேஜுக்கு ஆகாதா?" மகன் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறான். அவன் படிப்புப் பணம் வேறு கணக்கில் இருக்கிறது. அதில் ஒரு காசும் தொடவில்லை. அது சேர்ந்த பிறகே இந்தக் கணக்கைத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் அவளுக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "பிள்ளைக்குச் செய்ய இன்னும் இருபது வருஷம் இருக்கு. மாமாவுக்குச் செய்ய எத்தனை வருஷம் இருக்கு?" தங்கை பிறகு ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள்.

பிடித்த மீனை விட்டுவிடுவதா?

எல்லாரும் அதிகம் சிரித்தது இதற்குத்தான். டே ஆற்றில் சால்மனைப் பிடித்தால் பெரும்பாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏப்ரலுக்கு முன் பிடித்ததை விட்டே ஆகவேண்டும் என்பது ஸ்காட்லாந்து முழுவதற்கும் உள்ள சட்டம். அதன் பிறகும் விட்டுவிடும்படி ஆற்றுக்காரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். "ஆறாயிரம் மைல் போய், புடிச்ச மீனை வுட்டுட்டு வர்றதா? குழம்புக்குக்கூட இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள உயிர் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆற்றிலிருந்து நூறு குஞ்சு கடலுக்குப் போனால் ஐந்துகூடத் திரும்புவதில்லை என்கிறார்கள். கடலும் ஆறும் சூடாகிவருவது, அணைகள், கடலில் சால்மன் வளர்க்கும் பண்ணைகளிலிருந்து பரவும் பேன் என்று காரணங்கள் பல. நம் நாட்டிலும் இப்படித்தான். தாசிக் கெனிரில் பெத்தாங் ஆற்றைக் கெலா மீனுக்குச் சரணாலயமாக்கி, பிடித்தால் விடவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அறுபது ஆண்டு காத்திருந்து, மீனைத் தொட்டதும் விடு என்றால் மனம் வருமா? அவரோ யோசிக்கவே இல்லை.

"மரம் வெட்டறப்ப என்னம்மா செய்வோம்? பட்டையை மட்டும் சீவணும். கத்தி மரத்துல பட்டா காயம். காயம் பட்ட இடத்துல பட்டை முண்டு முண்டா வளரும். பொறவு அங்க ஒழுங்கா வெட்ட முடியாது. பாலை எடு, மரத்தை வுட்டு வைன்னு கங்காணி சொல்வாரு. இதுவும் அதுதான்."

பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துச் சான்றிதழ் வாங்கி, இருபது ஆண்டுக்குமேல் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு விதியின் காரணத்தை இத்தனை சுருக்கமாக நான் விளக்கியதில்லை.

பள்ளித் திடலில் பயிற்சி

பழைய கம்பு ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறோம். மாலையில் பந்து விளையாட்டு முடிந்ததும் பள்ளித் திடலில் இறங்குவோம். முள்ளுக்குப் பதிலாகக் கயிற்று நுனியில் சிவப்புக் கம்பளி நூல். "டீச்சர் புல்லுல மீன் பிடிக்கிறாங்க" என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்குக் கயிறு தலையிலும் தோளிலும் விழும். அப்பா முதல் நாள் கம்பைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு பின்னால் வீசினார்; பொறுத்தார்; முன்னால் விட்டார். கயிறு நூல் பிடித்ததுபோல நேராகப் போய் விழுந்தது. ஏழு ஆண்டு பின்னால் நின்று பார்த்தவருக்குக் கண்ணே கற்றுக்கொடுத்திருக்கிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

முழங்கால்தான் அவருக்குச் சிரமம். ஓடும் தண்ணீரில் இறங்கி நிற்க முடியாது. அதனால்தான் படகு உள்ள பகுதியாகத் தேடினேன். படகை வலித்து, மீன் கிடக்கும் இடம் காட்டி, வலை பிடிக்கும் ஆற்று வேலையாளுக்கு அங்கே கில்லி என்று பெயர். அது ஸ்காட்லாந்தின் பழைய மொழிச் சொல். பையன் என்று பொருள். பங்களாவில் அப்பாவையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இத்தனை நாள் நீங்கள் தூக்கினீர்கள். இனி உங்களுக்கு ஒருத்தர் தூக்கட்டும்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். "அந்த ஆளும் சம்பளத்துக்கு வேலை செய்யறவரு. அவரு பக்கத்துல உக்காந்து பேசணும் எனக்கு" என்றார்.

இன்னும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டவேண்டும். படகு நாளுக்கு முன்பணம் கட்டவேண்டும். சிகரெட் டின் வீட்டிலேயே இருக்கட்டும், முள் துருப்பிடித்துவிட்டது என்று அப்பாவே சொல்லிவிட்டார். அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஏதேனும் ஓர் ஆசை இருக்கலாம். அது காசியாக இருக்கலாம். பிறந்த ஊராக இருக்கலாம். ஒருமுறை ரயிலில் சிங்கப்பூர் போவதாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு தேதியும் ஒரு தொகையும் போடுங்கள். மாதம் ஐம்பது வெள்ளியானாலும் அங்கேயிருந்து தொடங்கலாம்.

எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கேள்விகள் இருக்கின்றன. படகுக்காரரிடம் கேட்க, ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நாள் கூலியா, மாதச் சம்பளமா? வெள்ளம் வந்து படகு ஓடாத நாளுக்குச் சம்பளம் உண்டா? வீடு உங்களுடையதா, கம்பெனியுடையதா? உங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா?

மீனைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை.